ஒன்றரை சென்டிமீட்டர்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளே. காலை மடக்க முடியாதவர்கள் தாராளமாக நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இன்றைக்கு உங்களுக்கென்று ஒரு கதை வைத்திருக்கிறேன். மலையைப் பெயர்த்தவன் கதையும் இல்லை, கடலைத் தாண்டியவள் கதையும் இல்லை. ஒன்றரை சென்டிமீட்டர் கதை. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அந்தச் சின்னதைத் தூக்க முடியாமல் ஒருத்தி திண்டாடினாள் என்றால் நம்புவீர்களா? கேளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. படுக்கையறையில் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே இரண்டடி அகலத்துக்கு ஒரு சுவர். அதில் முதுகை ஒட்டிக்கொண்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி நிற்கிறாள். குதிகால் சுவரில், தோள் சுவரில், பின்மண்டை சுவரில். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கிறாள், விட்டால் உயரம் குறைந்துவிடும் என்பதுபோல. அவளுக்குப் பக்கத்தில் கீழிருந்து மேலாகப் பென்சில் கோடுகள், எறும்பு ஏறிப்போன தடம் மாதிரி. பள்ளியில் ஒவ்வொரு பருவம் தொடங்கும்போதும் ஒரு கோடு, வருடத்துக்கு மூன்று. நடுவில் அளக்கக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

அளப்பவள் அவளுடைய அம்மா. சும்மா அம்மா இல்லை, தையல்காரி. சீருடை தைக்கும் கடை ஒன்றில் பதினான்கு வருடமாக அளவெடுப்பவள். டேப்பின் நுனியைக் கால் கட்டைவிரலால் தரையோடு அழுத்தி, மகளின் உச்சந்தலையில் மட்டப்பலகையை வைத்து, இரண்டும் சேரும் இடத்தைப் பார்த்தாள். நூற்று முப்பது. ஒரு நூல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. கடையில் ஒரு சட்டை கச்சிதமாக உட்காரும்போது வருமே, அந்தத் திருப்தி ஒரு நொடி அவளுக்கு வந்தது. அடுத்த நொடி அது போய்விட்டது.

"எவ்ளோம்மா? கழுகு வந்துடுச்சா?"

கழுகு என்பது நகரத்துக்கு வெளியே இருக்கும் தீம் பார்க்கின் பெரிய ரோலர் கோஸ்டர். அதன் வாசலில் தகரத்தில் செய்த கழுகு ஒன்று இறக்கையை நீட்டி நிற்கும். தலை இறக்கையைத் தொட்டால்தான் உள்ளே விடுவார்கள். இறக்கையின் உயரம் நூற்று முப்பது. 'நீ நூத்தி முப்பது ஆனதும் மூணு பேரும் போறோம்' என்று இரண்டு வருடத்துக்கு முன்பே வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் பால் குடிப்பது, முட்டை தின்பது, நேரத்துக்குத் தூங்குவது எல்லாமே கழுகின் கணக்கில்தான் நடந்தன.

"சொல்லும்மா!"

"நூத்தி இருபத்தெட்டரை," என்றது அவள் வாய்.

வாய்தான் சொன்னது, கண்ணுகளே. அவளைக் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை. ஆனால் கையும் வாயோடு சேர்ந்துகொண்டது. மகள் சுவரை விட்டு நகர்ந்ததும், மட்டப்பலகையை ஒன்றரை சென்டிமீட்டர் கீழே இறக்கிப் பென்சிலால் நேராக ஒரு கோடு போட்டு, தேதியும் எழுதியது.

சிறுமியின் முகம் விழுந்தது. பிறகு கோட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். "ஒன்னரைதானே. அடுத்த பருவத்துக்குள்ள வந்துடும்," என்று அம்மாவுக்கே ஆறுதல் சொல்லிவிட்டு விளையாடப் போனாள். தையல்காரி டேப்பைச் சுருட்டினாள். சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்கிறீர்கள். அதற்கு நான்கு நாள் பின்னால் போக வேண்டும்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான அலுவலகக் கட்டடங்களில் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எந்நேரமும் போன் வரும், எந்நேரமும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர் நேராகச் சமையலறைக்கு வந்து, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் நின்றார். நின்றார் என்றால், தண்ணீர் குடிக்கவோ சாவியைத் தேடவோ இல்லாமல் சும்மா நின்றார். அதுவே அந்த வீட்டில் அதிசயம்.

"இன்னிக்கு ஒரு லிஃப்டுல புருஷன் பொண்டாட்டி மாட்டிக்கிட்டாங்க. வயசானவங்க. நாப்பது நிமிஷம். கதவை நெம்பித் திறந்து பாத்தா, ரெண்டு பேரும் தரையில உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. 'அதுக்குள்ள வந்துட்டீங்களா'ன்னு என்னைக் கேக்கறாங்க."

"நல்லா இருக்கே," என்று சிரித்தாள் அவள்.

"நாம மாட்டிக்கிட்டா என்ன பேசுவோம்னு யோசிச்சேன்."

"பாப்பா ஹோம்வொர்க் முடிச்சாளான்னு பேசுவோம்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு இரண்டு பேருமே சிரிக்கவில்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அதான், டிக்கெட் போட்டுட்டேன்," என்றார் அவர். "அடுத்ததுக்கு அடுத்த சனி, ஞாயிறு. அந்தத் தீம் பார்க். அங்கேயே ஒரு ரூம். ரெண்டு பேருக்கு."

அவள் குழாயை மூடினாள். "ரெண்டா?"

"ரெண்டுதான்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவள் அந்தப் பூங்காவுக்கு முன்னமே ஒருதடவை போயிருக்கிறாள். கல்யாணமான புதிது. வயிற்றில் அப்போது மூன்று மாதம். கர்ப்பிணிகள் ஏறக்கூடாது என்று ஒவ்வொரு வாசலிலும் பலகை. அவர் ஏறி இறங்கினார், அவள் கீழே நின்றாள். அவருடைய கண்ணாடி, செருப்பு, பர்ஸ் எல்லாம் அவள் கையில். தலைக்குமேலே பெண்கள் வீறிட்டுக்கொண்டு போனார்கள், அவளும் அண்ணாந்து பார்த்தாள். அதற்குப் பிறகு ஒன்பது வருடமாக எங்கே போனாலும் அவளுக்குப் பை பிடிக்கிற வேலைதான். நீச்சல் குளத்தில் துண்டோடு நின்றாள், சறுக்குமரத்தடியில் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். குறை ஒன்றும் இல்லை. யாரும் நிற்கச் சொல்லி அடிக்கவில்லை. ஆனாலும் 'ரெண்டுதான்' என்று அவர் சொன்னதும் அவளுக்குக் காலடியில் தரை இறங்கினாற்போல இருந்தது. வாய்விட்டுக் கத்த வேண்டும்போல ஒரு ஆசை தொண்டை வரைக்கும் வந்தது. அந்தச் சந்தோஷம் வந்தபோது மகளின் ஞாபகம் வரவில்லை. ஐந்து நொடி இருக்கும். அந்த ஐந்து நொடியைத்தான் அவள் பிறகு திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்குச் சொன்ன சொல்லு?" என்று கேட்டாள்.

"அவ இன்னும் நூத்தி முப்பது வரலியே. வந்ததும் அவளோட ஒரு தடவை. அதுக்கு முன்னாடி நாம ஒரு தடவை. இதுல என்ன தப்பு?"

தப்பில்லைதான். மகள் எட்டாமல் இருக்கும்வரை தப்பில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை டேப்பு நூற்று முப்பது காட்டியபோது அவள் வாய் அப்படிச் சொன்னது. வீட்டுக்காரர் அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தார். அவரிடமும் 'நூத்தி இருபத்தெட்டரை' என்றே சொன்னாள். "பாத்தியா, நான் சொன்னேன்ல," என்று அவர் நிம்மதியாகச் சட்டையைக் கழற்றினார். ஒரே பொய், ஒரே நாளில் இரண்டு பேருக்கு.

மறுநாள் கடையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அளவெடுப்பவள் சத்தமாகச் சொல்வாள், கட்டிங் மாஸ்டர் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார். வருகிறவர்கள் எல்லாரும் பழைய சீருடை இறுகிப்போய் வருகிறவர்கள். இடுப்பளவு கேட்டாலே சிலருக்கு முகம் வாடிவிடும். அதனால் நாற்பது இருந்தால் அவள் 'முப்பத்தெட்டு' என்று கணீரென்று சொல்வாள். சொல்லிக்கொண்டே டேப்பின் பித்தளை நுனியால் மேசை விளிம்பை இரண்டு தட்டுத் தட்டுவாள், ஒரு தட்டுக்கு ஒரு அங்குலம். மாஸ்டர் தலை நிமிராமல் நாற்பது என்று எழுதுவார். வாடிக்கையாளர் தொப்பையை ஒரு சுற்றுத் தடவிக்கொண்டு சந்தோஷமாகப் போவார். துணி சரியாக வெட்டப்படும், சட்டை சரியாகப் பொருந்தும். காதுக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று. காகிதம் மட்டும் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. பதினான்கு வருடத்தில் அவள் அளவில் ஒரு உடுப்பும் திரும்பி வந்ததில்லை. கடையில் அவளுக்கு 'டேப்பு' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அன்றைக்கு ஒரு பஸ் ஓட்டுநருக்கு அளவெடுத்தாள். தோள், கை, மார்பு என்று சொல்லிக்கொண்டே வந்தவள் இடுப்பில் நின்றுவிட்டாள். முப்பத்தாறு என்று சொன்னாள், தட்ட மறந்துபோனாள்.

மாஸ்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "டேப்பு, மேசைக்கு ஏதாவது உண்டா?"

அவள் அவசரமாக மூன்று தட்டுத் தட்டினாள். ஓட்டுநர் போன பிறகு, பொத்தான் தைக்கும் அக்கா வாயில் நூலைக் கடித்தபடியே சிரித்தாள்.

"விடுங்க மாஸ்டர். வீட்டுக்காரர் தேனிலவு கூட்டிட்டுப் போறாராம். ஒன்பது வருசம் கழிச்சு. டேப்பு இனிமே ஆறு மாசத்துக்கு நெட்டுக்கும் குறுக்குக்கும் வித்தியாசம் தெரியாம அளக்கும்."

"ஐயோ, சும்மா இருங்கக்கா."

"எதுக்குடி முகத்தைத் தொங்கப்போடற? புள்ளைய விட்டுட்டுப் போறோமேன்னா? ரெண்டு நாள்ல புள்ளை உன்னை மறந்துடாது. நீதான் மறந்துடுவ."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் மனதில் ஓடியது வேறு. கடையில் வாய் பொய் சொன்னால் கை தட்டி நிஜத்தைச் சேர்த்துவிடுகிறது. வீட்டில் யாருக்குத் தட்டுவது? அங்கே சுவர்தான் காகிதம். அந்தக் காகிதத்திலேயே அவள் பொய்யை எழுதிவிட்டாள்.

இதற்கு நடுவில் பயணத் திட்டம் ஜோராக நடந்தது. லிஃப்ட் மெக்கானிக் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. பராமரிப்புப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் பூங்காவின் வரைபடத்தையே போட்டுவிட்டார். கேட் திறந்ததும் கூட்டமெல்லாம் முதலில் கண்ணில் படுவதில் போய் நிற்குமாம். ஆகவே இவர்கள் நேராகக் கடைசிக்கு ஓடி, பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். காலி வயிற்றோடும் ஏறக்கூடாது, நிறைந்த வயிற்றோடும் ஏறக்கூடாது. அவர் கண்ணாடிக்கு ஒரு கயிறு. அவளுக்குத் தலைமுடி பறக்காமல் ஒரு பட்டை. 'பை கிடையாது' என்று பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அதைப் படித்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. இந்த மனுஷன் ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மகள் குளிக்கப் போனதும் காகிதம் கருவிப்பெட்டியிலிருந்து வெளியே வரும். இருவரும் சாப்பாட்டு மேசையில் தலையோடு தலை ஒட்டிக் கிசுகிசுப்பார்கள். குளியலறையில் தண்ணீர் நின்றால் காகிதம் பெட்டிக்குள் போகும். திருட்டுக் காதலர்கள் மாதிரி. ஒருநாள் அவசரத்தில் அவர் காகிதத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் வந்து, "அப்பா, ஏன் கோழி மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று கேட்க, அவள் அடக்க முடியாமல் சிரித்து இருமி, தண்ணீர் குடித்தாள். இத்தனை வருடத்தில் அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் என்று ஒன்று இருந்தது இப்போதுதான். அது இனித்தது. இனிக்கும்போதே கசந்தது, ஏனென்றால் அந்த இரண்டு பேருக்குள்ளும் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த ஒன்று அடியில் கிடந்தது.

மகளைத் தன் கூடப்பிறந்த அக்கா வீட்டில் விடுவதாக ஏற்பாடு. அக்கா பிரசவ வார்டில் நர்ஸ். ஒளிவுமறைவு தெரியாதவள். தங்கை போனில் இழுத்து இழுத்துப் பேசியதைக் கேட்டுவிட்டு, "போயிட்டு வாங்கடி. இதுக்கு எதுக்கு இவ்ளோ மென்னு முழுங்கற?" என்றாள்.

"மனசு ஒரு மாதிரி இருக்குக்கா."

"இருக்கும். எல்லாருக்கும் இருக்கு. தொப்புள்கொடியைத்தான் எங்களால வெட்ட முடியுது, இதை வெட்ட கத்தரி இல்ல. சரி, புள்ளைகிட்ட என்ன சொல்லியிருக்க?"

"அவருக்கு ட்ரெயினிங்னு."

"நெஜத்தையே சொல்லியிருக்கலாம்," என்றாள் அக்கா. பிறகு யாரோ கூப்பிட, போனை வைத்துவிட்டாள்.

அந்த ட்ரெயினிங் கதையும் எளிதில் எடுபடவில்லை. அப்பாவுக்கு வெளியூரில் இரண்டு நாள் பயிற்சி, அம்மா துணைக்குப் போகிறாள் என்று சொன்னதும் மகள் யோசித்தாள். "அப்பாவுக்கு எதுக்கு ட்ரெயினிங்? அப்பாவுக்குத்தான் லிஃப்டு பத்தி எல்லாம் தெரியுமே," என்றாள். மெக்கானிக் முகத்தில் ஈயாடவில்லை. புகழ்ந்தவளைப் பார்க்க முடியாமல் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

அவளோ ஒன்றரை சென்டிமீட்டரைத் துரத்திக்கொண்டிருந்தாள். ஆமாம், அந்தச் சிறுமி. யாரோ தோழி சொன்னாளாம், தொங்கினால் வளரலாம் என்று. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்கத் தொங்கினாள். தலையணை வேண்டாம் என்று தள்ளிவிட்டு நேராக விறைத்துப் படுத்தாள். ஒரு காலை அவள் பாலை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பதை அம்மா பார்த்தாள். அவளுக்குப் பால் அறவே பிடிக்காது. குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டாவது டம்ளர் குடிச்சா சீக்கிரம் வருமாம்மா?" என்று கேட்டாள்.

"போதும் பாப்பா. வயிறு வலிக்கும்."

"பரவாயில்ல."

தையல்காரி அந்த இரண்டாவது டம்ளரைத் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தாள். அவள் மனம் அந்நேரம் என்ன பாடுபட்டிருக்கும்! 'சொல்லிவிடு' என்று உள்ளே ஒன்று குத்தியது. 'இன்னும் நான்கே நாள், போய்விட்டு வந்து அடுத்த பருவத்தில் சரியான கோடு போட்டுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது' என்று இன்னொன்று தட்டிக்கொடுத்தது. தட்டிக்கொடுத்ததன் பேச்சைத்தான் கேட்டாள். எல்லாரும் அப்படித்தானே.

வியாழக்கிழமை சாயங்காலம் மகள் பள்ளியிலிருந்து வந்து, பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அழுத கண். ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. அதிசயமாக அப்பாவும் அன்று சீக்கிரம் வந்திருந்தார், பயணத்துக்குப் பெட்டியைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். காகிதத்தைப் பிரித்துப் படித்தார். 'தங்கள் மகள் இன்று உடல் அளவு எடுக்கும்போது ஒத்துழைக்க மறுத்து, ஆசிரியரிடம் பலமுறை எதிர்த்துப் பேசினாள். கண்டித்துக் கையெழுத்திட்டு அனுப்பவும்.'

"என்ன பாப்பா இது? எதிர்த்துப் பேசினியா?"

"விளையாட்டு மிஸ் தப்பா அளந்தாங்கப்பா. நூத்தி முப்பதுன்னு சொன்னாங்க. நான் இல்ல மிஸ், நூத்தி இருபத்தெட்டரைன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. எங்கம்மா டெய்லர், எங்கம்மா அளவு தப்பவே தப்பாதுன்னு சொன்னேன். மறுபடி அளந்தாங்க. மறுபடியும் நூத்தி முப்பது. அப்போ உங்க கோல்தான் தப்புன்னு சொல்லிட்டேன். வெளிய நிக்க வெச்சுட்டாங்க."

"அடி அசடே! நூத்தி முப்பதுன்னா உனக்கு நல்லதுதானே? கழுகு கிடைச்சிருக்குமே. கம்முனு இருக்கறதுக்கு என்ன?"

"நல்லதுதான்," என்று அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஆனா அம்மா சொன்னா சரியா இருக்கும்ல? அவங்க சிரிச்சா நான் சும்மா இருக்கணுமா?"

மெக்கானிக் சிரித்துவிட்டார். இந்த வாய்க்குக் கையெழுத்து வேறு போட வேண்டுமா என்று வேடிக்கை செய்ய மனைவி பக்கம் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணி மாதிரி ஒரு முகம்.

"கோல் சரிதான் பாப்பா," என்றாள்.

மகளுக்குப் புரியவில்லை. "அப்போ நீ தப்பா அளந்துட்டியா?" குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது, இத்தனை பேரிடம் சண்டை போட்டுவிட்டோமே என்று.

"இல்ல. சரியாத்தான் அளந்தேன். தப்பா சொன்னேன்."

சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்தவில்லை. நூற்று முப்பது இருந்தது, அப்பாவும் நானும் தனியாகப் போக வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது, நீ எட்டிவிட்டால் உன்னையும் கூட்டிப்போக வேண்டுமே என்று குறைத்துச் சொன்னேன், அப்பாவுக்குக்கூட இது தெரியாது என்று எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு இடத்திலும் அழகுபடுத்தவில்லை.

"எங்க போகணும்னு? ட்ரெயினிங்குக்கா?"

"ட்ரெயினிங் இல்ல பாப்பா." இதை அப்பா சொன்னார். தரையைப் பார்த்துச் சொன்னார். "கழுகுக்கு."

சிறுமி அழவில்லை. அழுதிருந்தால் தூக்கி அணைத்துக்கொண்டிருக்கலாம். அவள் நடந்து படுக்கையறைக்குப் போனாள். இருவரும் பின்னால் போனார்கள். சுவருக்கு முன்னால் நின்று கோடுகளைக் கீழிருந்து மேல்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் இடுப்பளவில் இருந்த முதல் கோடு, பள்ளிக்குப் போகும் முன்பே, பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிய வயதில் போட்டது. அங்கிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக.

"அப்போ இதெல்லாம்?" என்றாள்.

"அதெல்லாம் நெஜம் பாப்பா. அந்த ஒரு கோடு மட்டும்தான். சத்தியமா."

"எப்படித் தெரியும்?"

எந்தத் துணியையும் பிரித்து மறுபடி அளக்கலாம், மடிப்பை அவிழ்க்கலாம், தையலைத் திருத்தலாம். ஆனால் போன வருடத்துப் பெண்ணை எங்கே போய்க் கொண்டுவந்து சுவரில் நிறுத்துவது? நாலு வயதுக்காரியை, ஆறு வயதுக்காரியைத் திரும்ப அழைத்து அளந்து காட்ட எந்த டேப்பு இருக்கிறது? அவளுடைய சொல் ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியின் நிலைமைதான் இப்படி.

"இப்பவே இன்னொரு டிக்கெட் போட்டுடறேன்," என்று மெக்கானிக் போனை எடுத்தார். "மூணு பேரா போகலாம். சரியா?"

"எனக்கு வேணாம்."

"பாப்பா..."

"நீங்க போகணும்னா போங்க. நான் ஒண்ணும் சொல்லலையே." அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "சொல்லியிருக்கலாம்ல? நான் அழுவேன். அழுதா என்ன? கொஞ்ச நேரம் அழுதுட்டு பெரியம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்ல?"

வெகுநேரம் கழித்து, சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே மகள் கேட்டாள்: "நாளைக்கு மிஸ்கிட்ட நான் என்ன சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் வந்து சொல்றேன்."

"எல்லார் முன்னாடியுமா?"

தையல்காரிக்குக் கை நின்றது.

"நான் எல்லார் முன்னாடியும்தானே சொன்னேன்," என்றாள் மகள்.

"சரி. எல்லார் முன்னாடியும்."

மறுநாள் காலை பெட்டி பாதி அடுக்கியபடி கூடத்தில் திறந்து கிடந்தது. மெக்கானிக் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "நாளைக்கு என்ன பண்றது?" என்று மெதுவாகக் கேட்டார். "எனக்குத் தெரியலைங்க," என்றாள். "நீ எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்," என்றார். கோபமாக இல்லை. அதுவும் சேர்ந்து கனத்தது. அவள் கடைக்குப் போன் செய்து தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

பள்ளி பத்து நிமிட நடை. மகள் மூன்றடி முன்னாலேயே நடந்தாள். கையைக் கொடுக்கவில்லை. ரோட்டைக் கடக்கும் இடத்தில் மட்டும் நின்றாள். திரும்பிப் பார்க்காமல், அம்மாவின் காலடிச் சத்தம் பக்கத்தில் வரும்வரை நின்று, பிறகு கடந்தாள். மறுபடி மூன்றடி.

மைதானத்தில் விளையாட்டு ஆசிரியை பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். இளம்பெண். கழுத்தில் விசில். தையல்காரியைக் கண்டதும் எழுந்து, காகிதத்தை வாங்கிக்கொண்டு சிரித்தாள். "அடடா, இதுக்காகவா நேர்ல வந்தீங்க? பரவாயில்லைங்க, சின்னப் புள்ளைங்கதானே. அம்மா மேல அவ்ளோ பாசம். கையெழுத்து போட்டிருக்கீங்கல்ல, போதும். நீங்க வேலைக்குக் கிளம்புங்க."

போதுமாம். வாசல் திறந்தே இருந்தது, கண்ணுகளே. தலையாட்டிவிட்டு வந்த வழியே போயிருக்கலாம். ஒரு நொடி அவள் உடம்பு வாசல் பக்கம் திரும்பக்கூடத் திரும்பியது. அப்போது மகளைப் பார்த்தாள். மகள் ஆசிரியையைப் பார்க்கவில்லை, தோழிகளைப் பார்க்கவில்லை. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க மிஸ்," என்றாள் தையல்காரி. "அந்த வகுப்புப் புள்ளைங்களைக் கொஞ்சம் கூப்பிடுங்க. நான் ஒண்ணு சொல்லணும்."

ஆசிரியை புருவத்தை உயர்த்தினாள். பிறகு விசில் ஊதினாள். பிள்ளைகள் நாலா பக்கமிருந்தும் ஓடிவந்தார்கள். முப்பது பேர் இருப்பார்கள். சிலர் அவள் இடுப்பு உயரம், சிலர் மார்பு உயரம். பழக்கத்தில் அவள் கண் ஒவ்வொருவரையும் அளந்தது. மூச்சிரைக்க, வியர்வையோடு, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு அரைவட்டமாக நின்று, இந்தப் பெரிய மனுஷி எதற்கு வந்திருக்கிறாள் என்று அண்ணாந்து பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருத்தி, "இவங்கதான் அந்த டெய்லர் அம்மா," என்று கிசுகிசுத்தாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

காற்றடித்த பந்து ஒன்று உருண்டு வந்து தையல்காரியின் காலில் முட்டி நின்றது. அவள் குனியவில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தொங்கவிட்டபடி, "நேத்திக்கு உங்க மிஸ் அளந்தது..." என்று தொடங்கினாள். பின்வரிசைச் சிரிப்பு அடங்கியதும், "அதுதான் சரி," என்று மறுபடி தொடங்கினாள். மகள் கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். குனிந்து பந்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். திரும்பிக் கூட்டத்துக்குள் போகவில்லை. அம்மாவிடமும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில், வெயிலில், அப்படியே நின்றாள்.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன், என் கண்ணுகளே. மெல்ல எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டு அடுப்பு எரியட்டும், விளக்கு எரியட்டும். போனவர்கள் போன காரியம் முடிந்து சுகமாகத் திரும்பி வரட்டும். வாசலில் உங்கள் காலடி கேட்டதும் உள்ளேயிருந்து யாராவது ஒருத்தர் ஓடி வந்து கதவைத் திறக்கட்டும்.